நாஞ்சில் நேர்மை எழுதிய கருத்து

திங்கட்கிழமை காலை பத்மகுமார் கடைக்குள் நுழைந்தபோது, முந்தின நாள் மத்தியானம் அவன் எழுதிய கருத்து, பில் போடும் மேஜைக்கு மேலே சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. பெரிய எழுத்தில் பிரின்ட் எடுத்து, நான்கு மூலையிலும் டேப் போட்டு, மழை ஈரத்தில் பிய்ந்து வராதபடி குறுக்கே இன்னொரு டேப்பும் ஓட்டியிருந்தார்கள்.

அதை எழுதியது பத்மகுமார் என்பது அவனுக்கும் அவன் மனைவி பிந்துவுக்கும் மட்டும்தான் தெரியும். கீழே இருந்த பெயர் 'நாஞ்சில் நேர்மை'.

ஞாயிறுதோறும் பகல் பன்னிரண்டு மணிக்கு டி.வி.யில் 'முதல் இருக்கு, வாங்க' என்றொரு நிகழ்ச்சி வரும். புதிதாக எதையாவது கண்டுபிடித்தவர்கள் அதைத் தள்ளுவண்டியில் வைத்து உருட்டிக்கொண்டு வருவார்கள். எதிரே ஐந்து நாற்காலிகளில் ஐந்து பணக்காரர்கள். பிடித்திருந்தால் முதல் போடுவார்கள், பிடிக்காவிட்டால் தண்ணீர் குடிப்பார்கள். நிகழ்ச்சி முடிந்ததும் அதன் துண்டுகளை யூடியூபில் போடுவார்கள். அதற்குக் கீழேதான் பத்மகுமாரின் ராஜ்யம்.

இரண்டு வருடத்தில் அறுபது கண்டுபிடிப்பாளர்களையாவது அவன் கவிழ்த்திருப்பான். மின்விசிறி வைத்த குடை கொண்டு வந்தவரிடம், மழையில் காற்று வாங்குவதற்கு மனிதனுக்கு என்ன கேடு என்று கேட்டிருந்தான். தானே ஆற்றிக்கொள்ளும் டீ டம்ளர் கொண்டு வந்த அம்மாளிடம், டீக்கடைக்காரருக்குக் கை எதற்கு என்று கேட்டிருந்தான். இவ்வளவுக்கும் அவன் வீட்டு அடுக்களைக் குழாய் ஆறு மாதமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. தக்கலையிலேயே பெரிய ஹார்டுவேர் கடையில் பதினான்கு வருடமாக வேலை பார்க்கிற மனிதன் அதில் துணியைச் சுற்றி வைத்திருந்தான்.

போன ஞாயிறு அவன் எழுதாமல் இருந்திருக்கலாம். அன்றைக்குத் தள்ளுவண்டி உருட்டி வந்தது முதலாளி முத்துநாயகத்தின் ஒரே மகன் சிவபிரசாத். மூன்று வருடத்துக்கு முன்னால் கடையை விட்டு இறங்கிப் போய், புலியூர்க்குறிச்சியில் ஒரு ஷெட் பிடித்து, தானாகச் சக்கை, அதாவது பலாப்பழம், உரிக்கும் மெஷின் செய்திருந்தான். ஆறு மாதத்துக்கு முன் வரை அது என்னவென்று யாருக்கும் தெரியாது. ஷெட்டிலிருந்து சத்தம் மட்டும் வரும்.

ஒன்றும் எழுதக் கூடாது என்ற முடிவோடுதான் பத்மகுமார் டி.வி. முன்னால் உட்கார்ந்தான். மெஷின் உறுமி, குலுங்கி, ஒரு முழுச்சுளையைத் தூக்கி நடு நாற்காலிப் பணக்காரரின் கோட்டில் எறிந்தபோது அவன் கை சொன்னபடி கேட்கவில்லை. நாஞ்சில் நேர்மையின் கணக்கு இருந்த, பிந்துவின் பழைய போனை எடுத்தான்.

சுவரில் இருந்தது இதுதான்:

'சக்கையை அரிவாளால் வெட்டினால் கையில் பிசின் ஒட்டும். இந்த மெஷினால் வெட்டினால் முதல் போட வந்தவர் கோட்டிலும் ஒட்டும். ஒரு சக்கைக்கு முக்கால் மணி நேரம் என்றால், அதற்குள் பக்கத்து வீட்டுக்காரர்கள் தங்கள் சக்கையை வெட்டி, தின்று, கொட்டையையும் அவித்து முடித்திருப்பார்கள். தம்பி, வாசலில் நிற்கிற ஆளின் முகத்தைப் பார்த்தே இன்ன அளவு பைப், இன்ன அளவு எல்போ என்று எடுத்துக் கொடுக்கத் தெரிந்த உனக்கு, இந்த மெஷினைக் கட்டிக்கொண்டு அழ என்ன தலைவிதி?'

சாயங்காலத்துக்குள் நாலாயிரம் பேர் அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருந்தார்கள். பத்மகுமாருக்கு உச்சி குளிர்ந்தது. இப்போது அதே உச்சியில் வியர்த்தது.

முத்துநாயகம் உள்ளறையிலிருந்து வெளியே வந்தார். லாட்டரி விழுந்தாலும் லாரி கவிழ்ந்தாலும் அவருக்கு ஒரே முகம்தான். அந்த முகத்தோடு சுவரைக் காட்டினார்.

"இதை எழுதினவனை எனக்குப் பாக்கணும்."

அவ்வளவுதான். உள்ளே போய்விட்டார்.

ஆவணி மாதம் நாகர்கோவிலில் முதலாளி இரண்டாவது கடை திறக்கப் போகிறார். அதற்கு மானேஜர் யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் பத்மகுமார்தான் என்று பத்மகுமார் முடிவு செய்திருந்தான். பிந்து இன்னும் ஒரு படி மேலே போய், வடசேரியில் வாடகைக்கு வீடு பார்த்து, மகள் அஞ்சுவுக்குப் பள்ளிக்கூட வேன் எந்த முக்கில் நிற்கும் என்பது வரைக்கும் விசாரித்து வைத்திருந்தாள்.

அவன் கடையின் பின்பக்கம் பி.வி.சி. பைப்புகளுக்கு நடுவே ஒதுங்கி நின்று பிந்துவுக்கு போன் செய்தான். அந்தக் கருத்தை உடனே அழிக்கச் சொன்னான்.

"நாலாயிரம் பேருக்குப் பிடிச்சதை எதுக்கு அழிக்கணும்?" என்றாள் பிந்து.

"நாலாயிரம் பேருமா எனக்குச் சம்பளம் தருகாவ? அழிட்டி."

பிந்து எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் அல்ல. கருத்தோடு சேர்த்து நாஞ்சில் நேர்மையின் கணக்கையே வேரோடு அழித்துவிட்டாள். இரண்டு வருட உழைப்பு, அறுபது கண்டுபிடிப்பாளர்கள், எல்லாம் போயிற்று. பத்மகுமாருக்கு நெஞ்சு வலித்தாலும் நிம்மதியாக இருந்தது.

நிம்மதி பதினொரு மணி வரை நீடித்தது. முதலாளி போனைக் கையில் பிடித்துக்கொண்டு மறுபடி வந்தார்.

"ஒம்பது மணிக்கு நான் இதைச் சுவத்துல ஒட்டினேன். பத்தரைக்கு எழுதினவன் அழிச்சுட்டான். இடையில கடைக்கு வந்தது ரெண்டு பேரு. ரெண்டு பேருக்கும் கண்ணாடி இல்லாம வாசிக்க முடியாது." எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். "அப்போ எழுதினவன் இஞ்சதான் நிக்கான். இல்லாட்டா அந்த பைப்பு, எல்போ சங்கதி வெளியாளுக்கு எப்படித் தெரியும்?"

கடையில் அப்போது நின்றவர்கள் ஐந்து பேர். நான்கு பேர் தரையைப் பார்த்தார்கள். குடோன் பொறுப்பாளர் யேசுரத்தினம் மட்டும் சுவரில் இருந்ததை இன்னொரு முறை நிதானமாக வாசித்துவிட்டு, எழுதினவன் யாரானாலும் உள்ளதைத்தான் எழுதியிருக்கான் என்று சத்தமாகச் சொன்னார். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கடையில் இருக்கிறவர். எந்த அலமாரியில் எந்த நட்டு என்று கண்ணைக் கட்டிவிட்டாலும் எடுப்பார். வாயைக் கட்டத்தான் யாராலும் முடியவில்லை.

முதலாளி அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

சந்தேகம் தன் மேல் விழாமல் இருக்க ஒரே வழிதான் உண்டு என்று பத்மகுமார் தீர்மானித்தான். மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்த இடத்தில், சொந்தப் பெயரில், கன்னியாகுமரியில் கறுப்புக் கண்ணாடி போட்டு எடுத்த சொந்தப் படத்தோடு, அதே வீடியோவுக்குக் கீழே எழுதினான்:

'சக்கை உலகில் இது ஒரு புரட்சி. இப்படி ஒரு மெஷினுக்காகத்தான் எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகக் காத்திருந்தோம். கண்டுபிடித்த தம்பிக்குக் கோடி வணக்கங்கள்.'

அந்த வீடியோவுக்குக் கீழே ஆயிரத்து இருநூறு கருத்துகள் இருந்தன. மெஷினைப் பாராட்டியவை மொத்தம் இரண்டு. ஒன்று பத்மகுமாருடையது. இன்னொன்று, சிவபிரசாதின் அம்மா பகவதியம்மாள் போட்ட மூன்று ஜோடி கும்பிடும் கைகள்.

மறுநாள் சிவபிரசாத் கடைக்கே வந்துவிட்டான். எல்லோர் முன்னாலும் பத்மகுமாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டான்.

"ஷெட்டைப் பூட்டிட்டு வந்துரலாம்னு இருந்தேன், பத்மண்ணா. உங்க கருத்தை வாசிச்ச பொறவுதான் எனக்கு உசிரு வந்துச்சு. இனி விடமாட்டேன்."

உள்ளறைக் கதவருகே முதலாளி நின்றிருந்தார். அவர் பார்வை பத்மகுமார் மேல் வெகுநேரம் நின்றது. நன்றியில் மனிதர் நெகிழ்ந்துவிட்டார் என்று பத்மகுமார் நினைத்துக்கொண்டான். அன்றைக்கு மத்தியானம் பகவதியம்மாள் தூக்குவாளி நிறையச் சக்கைப் பிரதமன் பாயசம் கொடுத்தனுப்பினாள். மெஷினில் உரித்த சக்கையா என்று யேசுரத்தினம் விசாரித்தார். இல்லை, அரிவாள்தான் என்று கொண்டு வந்தவர் சொன்னார்.

வியாழக்கிழமை அடுத்த வினை வந்தது. உண்மையான ஒரு குடும்பம் மெஷினைப் பயன்படுத்திக் கருத்து சொல்வதைப் படம் பிடித்துப் போட்டால் ஜனங்கள் நம்புவார்கள் என்று சிவபிரசாதுக்குத் தோன்றியது. மூன்று தலைமுறையாகக் காத்திருக்கும் குடும்பத்தை விட்டு வேறு எங்கே போவான்? ஞாயிறு காலை மெஷின் மினி லாரியில் வந்து பத்மகுமார் வீட்டு வாசலில் இறங்கியது. நான்கு பேர் பிடித்து அடுக்களைக்குள் நகர்த்தினார்கள். துணி துவைக்கும் மெஷினுக்குக் கொம்பு முளைத்தது போலிருந்தது. அது உள்ளே போனதும் பிந்து வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

பத்து கிலோ சக்கையை உள்ளே வைத்து சுவிட்சைப் போட்டார்கள். பத்து நிமிடம் உறுமியது. இருபதாவது நிமிடம் பக்கத்து வீட்டுக்காரர்கள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்தார்கள். முப்பதாவது நிமிடம், மூடி தானாகத் திறந்துகொண்டது.

மின்விசிறி ஓடிக்கொண்டிருந்ததுதான் தப்பாகப் போயிற்று. மேலே போன சுளைகளை அது பாரபட்சமில்லாமல் நான்கு திசைக்கும் பங்கிட்டது. ஜன்னல் திரையில் மூன்று, சாமி படத்தில் ஒன்று, அஞ்சுவின் அறிவியல் ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயம் இருந்த பக்கத்தில் சரியாக ஒன்று. பிசின் எங்கெங்கே என்று எண்ண முடியாது.

"கேமரா ஓடுது, பத்மண்ணா. சொல்லுங்க" என்றான் சிவபிரசாத்.

பத்மகுமார் புருவத்தில் ஒட்டிய சக்கை நாரை எடுக்காமலே கேமராவைப் பார்த்துச் சிரித்தான். மிகவும் அருமை, வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்றான். பின்னால் பிந்து தேங்காய் எண்ணெய்க் குப்பியோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகமும் படத்தில் வந்தது.

லாரி போன பிறகு அவள் கதவைச் சாத்திவிட்டுச் சொன்னாள்.

"மொதலாளிகிட்ட போய் நான்தான் எழுதினேன்னு சொல்லியிருந்தா ஜோலி மட்டும்தான் போயிருக்கும். இப்போ வீடும் போச்சு."

வீடியோ அன்றைக்கே வெளியானது. இம்முறை ஜனங்கள் மெஷினை விட்டுவிட்டு பத்மகுமாரைப் பிடித்துக்கொண்டார்கள். 'சிரிக்கிற வாய்க்கும் முழிக்கிற கண்ணுக்கும் சம்பந்தமே இல்லையே' என்று ஒருவர் எழுதியிருந்தார். 'அண்ணனைக் கடத்தி வைத்திருக்கிறீர்களா? ஆமென்றால் இரண்டு முறை கண் சிமிட்டவும்' என்று இன்னொருவர். 'பின்னால் நிற்கிற அக்காவின் கருத்து என்ன?' என்று முந்நூறு பேர் கேட்டிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கீழே ஒருவர், நாஞ்சில் நேர்மை எங்கே போனார், அவர் வந்து சொன்னால்தான் நம்புவோம் என்று எழுதியிருந்தார். அதை வாசித்தபோது பத்மகுமாருக்குக் கண் கலங்கிவிட்டது. இறந்து போன ஒரு நல்ல மனிதனைப் பற்றி ஊர் பேசுவதைக் கேட்பது போலிருந்தது.

அடுத்த புதன்கிழமை முதலாளி அவனை உள்ளறைக்குக் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"பத்மா, உனக்குத் தெரியாம இந்தக் கடையில ஒண்ணும் நடக்காது. எழுதினது யாரு?"

எனக்கு எப்படித் தெரியும் முதலாளி என்றான். தெரியும் என்று முதலாளி சொன்னார். சொல்லிவிட்டு அந்த மாறாத முகத்தை அவன் மேல் வைத்துக் காத்திருந்தார். மேஜை மேல் இருந்த சின்ன மின்விசிறி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையாட்டியது. ஐந்தாவது ஆட்டலில் பத்மகுமார் உடைந்தான். ஆனால் வாயிலிருந்து வந்தது அவன் பெயரில்லை.

"யேசுரத்தினம் அண்ணனா இருக்குமோ என்னவோ" என்றான்.

முதலாளி தலையை ஆட்டினார். "நானும் அப்படித்தான் நினைச்சேன். நாளைக்குக் காலையில பேசுகேன்."

வெளியே வந்த பத்மகுமாரைப் பார்த்து யேசுரத்தினம், முகம் ஏன் இப்படி இருக்கிறது, சாப்பிட்டாயா என்று கேட்டார். தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். அவன் அதைக் குடிக்காமல் அப்படியே வைத்தான். அவர் மகள் ஷெர்லி நர்சிங் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அவர் ஒருவர் சம்பாத்தியம்தான்.

வீட்டுக்குப் போய் பிந்துவிடம் சொன்னான். அவள் திட்டியிருந்தாலாவது பரவாயில்லை. தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, எண்ணெய்த் துணியை எடுத்துக்கொண்டு போய், பத்தாவது தடவையாக மின்விசிறியைத் துடைத்தாள்.

வியாழக்கிழமை அவன் கடைக்கு வந்தபோது யேசுரத்தினம் உள்ளறையில் இருந்தார். கதவு சாத்தியிருந்தது. பெயின்ட் கலக்கும் ஜெபிஷ், அண்ணாச்சி உள்ளே போய் அரை மணி நேரமாகிறது என்று குசுகுசுத்தான். கதவு திறந்து யேசுரத்தினம் வெளியே வந்தார். யாரையும் பார்க்காமல் பிரமை பிடித்தவர் போல குடோன் பக்கம் நடந்தார்.

பத்மகுமாரால் தாங்க முடியவில்லை. நேராக உள்ளே போனான். உட்காரக்கூட இல்லை.

"மொதலாளி, அதை எழுதினது நான். யேசுரத்தினம் அண்ணன் இல்ல. என்னை என்ன வேணும்னாலும் செய்யுங்க."

முத்துநாயகம் அவனைப் பார்த்தார். பதினான்கு வருடத்தில் முதல் முறையாக அந்த முகம் அசைந்தது. அவர் சிரித்தார்.

"நீயா? எங்க, காட்டு."

"அழிச்சாச்சு, மொதலாளி. கணக்கையே அழிச்சாச்சு."

"உனக்க கருத்து எனக்கு மனப்பாடம். சக்கை உலகத்துல புரட்சி. மூணு தலைமுறை. கோடி வணக்கம். அதை எழுதின கையி இதை எழுதாது, பத்மா." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "கூட வேலை பாக்கிற ஆளுக்காகப் பழியை எடுத்துத் தலையில வைக்க வந்திருக்கே பாரு. நல்ல மனசு உனக்கு. ஆனா யேசுரத்தினத்துக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தாச்சு. அதை மாத்த முடியாது."

பத்மகுமார் சத்தியம் செய்தான். அஞ்சுவின் மேல் சத்தியம் செய்தான். பிந்துவுக்கு போன் போட்டுக் கேளுங்கள் என்றான். வீடியோவில் பார்த்தேனே, உன்னைப் போலவே நல்ல பொம்பளை, உனக்காக என்ன பொய்யும் சொல்லுவாள் என்றார் முதலாளி. பிறகு சிரிப்பு போய்ப் பழைய முகம் திரும்பி வந்தது.

"திங்கக்கிழமை சிவா மெஷினைத் தூக்கிட்டுக் கோயம்புத்தூர் கண்காட்சிக்குப் போறான். நீ கூடப் போணும். அந்தச் சவத்தை நம்புற ஆளு இந்த உலகத்துல ரெண்டே பேருதான், அவனுக்க அம்மையும் நீயும். அவளுக்கு முட்டு வலி."

"எத்தனை நாளைக்கு, மொதலாளி?"

"கோயம்புத்தூரு முடிஞ்சா சேலம். பொறவு ஓசூரு. அவனா எப்போ விடுவானோ அது வரைக்கும். ஷெட்டைப் பூட்ட இருந்தவனை நீதானே பிடிச்சு நிறுத்தினே."

பத்மகுமார் வெளியே வந்தான். ஓசூரை விட, தான் கெடுத்த குடும்பத்தின் நினைப்புதான் அவனை அழுத்தியது. குடோனுக்குப் போனான். யேசுரத்தினம் சிமென்ட் மூட்டை மேல் உட்கார்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூரைத் தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. பத்மகுமார் அவர் காலடியில் குந்தினான். மன்னித்துவிடுங்கள் அண்ணாச்சி, உங்கள் பெயரை நான்தான் சொன்னேன் என்றான்.

யேசுரத்தினம் குனிந்து அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

நான் எழுதவில்லை என்று மூன்று முறை சொன்னாராம். தன்னிடம் இருப்பது பட்டன் போன் என்று எடுத்தும் காட்டினாராம். முதலாளி கேட்கவே இல்லையாம். ஷெர்லியை விட்டு எழுதச் சொல்லியிருப்பாய், உனக்குத் தன்னடக்கம் அதிகம் என்று சொல்லிவிட்டாராம்.

"எவன் எழுதினானோ, அவன் நல்லா இருக்கட்டும் மக்கா. அவருக்க மகன்கிட்ட உள்ளதைச் சொல்ல தைரியமுள்ள ஒருத்தன் இந்தக் கடையில உண்டுன்னா, நாகர்கோவில் கடைக்கு அவன்தான் மானேஜருன்னு நேந்துக்கிட்டுல்லா மொதலாளி இத்தனை நாளும் ஆளைத் தேடியிருக்காரு."